ஒரு ஸ்பூன் பொடி, முழுத் தம்ளர் தண்ணீர்

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் மிஞ்சிய ரெக்கார்டு நோட்டு இது. டாக்டர் ரோஸ்லின் சொல்லித்தான் எழுதுகிறேன். உண்மையில் அவர் சொன்னது என்னிடம் இல்லை, கனியிடம். "சண்முகக்கனி, முப்பது நாளைக்கு ஒரு டைரி போடுங்க. என்ன சாப்பிட்டீங்க, பொடி குடிச்சீங்களா, வெளிக்குப் போனீங்களா, எல்லாம் தேதி போட்டு எழுதணும்."

ஆட்டோவில் ஏறியதும் கனி சொல்லிவிட்டாள். "இதையெல்லாமா எழுதுவாங்க? நாளைக்கு நான் செத்துப்போனா, ஹாஸ்டல்லேர்ந்து வந்து இந்த நோட்டத்தான் எம்மக எடுத்துப் படிக்கணுமா? நான் மாட்டேன்."

சரி, நான் எழுதுகிறேன் என்றேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வக உதவியாளன். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவன். இதை எழுத மாட்டேனா?

விஷயம் இதுதான். எட்டு மாதமாகக் கனிக்கு வெளிக்குப் போக நாலு நாள், ஐந்து நாள் ஆகிறது. போனாலும் அரை மணி நேரம் படாத பாடு. வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. டாக்டர் ஒரு நார்ச்சத்துப் பொடி எழுதிக் கொடுத்திருக்கிறார். இசப்கோல் உமியும், இனுலின் என்ற இன்னொரு நாரும் கலந்தது. குடலுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றனவாம். நமக்குச் செரிக்காத இந்த நார்தான் அவற்றுக்குச் சாப்பாடாம்.

"வீட்டுல ரெண்டு பேருக்கு ஆக்கவே எனக்கு நேரமில்ல. இதுல அதுகளுக்கும் சோறா?" என்றாள் கனி. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செய்முறை: தினமும் ஒரு ஸ்பூன் பொடி, முழுத் தம்ளர் தண்ணீரில். பிறகு நாள் முழுக்க நிறையத் தண்ணீர். மார்ச் 7-இல் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் சரியாகாவிட்டால் திருநெல்வேலிக்குப் போய்க் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும்.

குழாய் என்றதும் கனிக்கு அவள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவள் அம்மாவும் ஒரு வருடம் "வயிறு சரியில்ல, வயிறு சரியில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்த்தபோது கட்டி, முற்றிவிட்டது. மூன்றே மாதம். கனிக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

உனக்கு அதெல்லாம் ஒன்றும் இருக்காது என்றேன். எனக்குப் பயம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலை நாலே முக்காலுக்குப் பொடி கலக்கினேன். ஆரஞ்சு வாசனை. முழுத் தம்ளரை நீட்டினால் கனி பாதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மீதியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். "சளி மாதிரி வழுவழுன்னு இருக்கு. இம்புட்டு என்னால குடிக்க முடியாது." முதல் நாள்தானே என்று விட்டுவிட்டேன். ஐந்தேகாலுக்கு வேன் வந்துவிட்டது.

கனிக்கு நாற்கரச் சாலை டோல்கேட்டில் வேலை. ஆறாம் லேன் பூத்தில் உட்கார்ந்து, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை வண்டிகளை அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். வார விடுப்பு செவ்வாய்.

உணவு: இட்லி, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, இரவு கேப்பைக்கூழ். முடிவு: ஆப்சென்ட்.

(வருகைப் பதிவேட்டு முறையில் எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். போனால் பிரசென்ட், போகாவிட்டால் ஆப்சென்ட். கனி படித்தாலும் கோபப்பட மாட்டாள்.)

பிப்ரவரி 7, வெள்ளி

பொடி, அரைத் தம்ளர். ஆப்சென்ட்.

சாயங்காலம் கனியின் டியூட்டிப் பையைக் கழுவி வைத்தேன். எவர்சில்வர் பாட்டிலில் மீதமிருந்த தண்ணீரைக் கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினேன். வெயில் காலம் வருகிறது, வீணாக்கக் கூடாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நல்ல கிருமிகள் குடியேறி விருந்து சாப்பிடுகின்றன போல. கனியின் வயிறு நாள் முழுக்கக் கடமுடா. டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், முதல் இரண்டு வாரம் காற்று வரும், பயப்பட வேண்டாம் என்று. பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஒரு சத்தம். நான் உடனே நாற்காலியை இழுத்து, இந்த நாற்காலியைத் தச்சனிடம் கொடுக்கணும் என்றேன். அவர் போனதும் கனி சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாற்காலிக்கு என்னங்க வயசு, இப்பிடிச் சத்தம் போடுது?"

எட்டு மாதத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பொடிக்கு அதற்காகவே ஒரு மார்க் போடலாம்.

முடிவு: ஆப்சென்ட்.

பிப்ரவரி 12, புதன்

பிரசென்ட்! காலை நாலரைக்கு. பத்தே நிமிடம். கதவைத் திறந்து வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிளஸ் டூ பாஸான பிள்ளை மாதிரி.

நேற்று விடுப்பு. நன்றாகத் தூங்கினாள், வீட்டிலேயே இருந்தாள், சாயங்காலம் நான் தர்ப்பூசணி வாங்கிவந்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். பொடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆப்சென்ட், ஆப்சென்ட்.

செய்முறைத் தேர்வுகள் நடக்கின்றன. நாற்பது பியூரெட் கழுவினேன். கை எல்லாம் அமில வாசனை. வீட்டுக்கு வந்தால் கனி வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு ஸ்பூன் போதவில்லை என்று நினைக்கிறேன். நாளையிலிருந்து அளவைக் கொஞ்சம் கூட்டுகிறேன். நார்தானே, கெடுதல் ஒன்றும் இருக்காது. இதற்கெல்லாம் டாக்டரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

கறிவேப்பிலைக் கன்று இரண்டு புதுக் கொழுந்து விட்டிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டு ஸ்பூன், அரைத் தம்ளர். கரண்டியால் எடுத்துத் தின்னும் பதத்தில் இருந்தது. "குடிக்கவா, பூசவா?" என்று கேட்டுவிட்டு விழுங்கினாள். நல்ல மனுஷி.

ஆப்சென்ட், ஐந்தாவது நாள்.

பிப்ரவரி 19, புதன்

பிரசென்ட். ஆனால் கொஞ்சம்தான். கஷ்டப்பட்டாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ராசி போலிருக்கிறது. போன வாரமும் செவ்வாய் கழித்துத்தான்.

நாளை முதல் மூன்று ஸ்பூன்.

பாட்டில் தண்ணீர், கறிவேப்பிலை. கன்று என் இடுப்புக்கு வந்துவிட்டது. தெருவே கேட்கிறது, என்ன உரம் போடுகிறீர்கள் என்று.

பிப்ரவரி 20, வியாழன்

விளக்கை அணைத்த பிறகு கனி கேட்டாள். "ஏங்க, எங்கம்மைக்கும் இப்பிடித்தான் இருந்திருக்குமோ?" நான் தூங்கிவிட்ட மாதிரி இருந்துகொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

நேற்று எழுத முடியவில்லை.

பதினொரு மணி இருக்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று பியூரெட்டில் அமிலம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. கனியோடு வேலை செய்யும் ஜெயராணி. "அண்ணே, கனியக்கா பூத்துக்குள்ளயே வயித்தப் பிடிச்சிக்கிட்டு குனிஞ்சிட்டாங்க. நிமிரவே மாட்டேங்காங்க. வெரசா வாங்க."

ஆய்வகச் சாவியை வேதியியல் ஆசிரியர் மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். பதினான்கு கிலோமீட்டர். பைக்கில் போகிற வழியெல்லாம் நான் என்ன சொல்லிக்கொண்டு போனேன் என்று எழுத மாட்டேன். கனியின் அம்மா முகம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டர் ரோஸ்லின் எக்ஸ்ரே எடுத்தார். உள்ளே எல்லாம் கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். எனிமா, டிரிப்ஸ். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கனிக்கு வலி விட்டது. இரவு அங்கேயே இருந்தோம்.

இன்று காலை டாக்டர் வந்து, "டைரி எங்க?" என்றார். பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நாற்காலிக் கதையில் சிரித்தார். இரண்டு ஸ்பூன் என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று ஸ்பூனில் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு முன் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், இந்தக் கறிவேப்பிலைக்கு ஊத்துற தண்ணி, இவங்க வேலைக்குக் கொண்டுபோன தண்ணியா?"

"ஆமா டாக்டர். வீணாக்குறதில்ல."

"பாட்டில்ல எவ்வளவு மிஞ்சும்?"

நான் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, தினமும் என் கையால் தூக்கிய பாட்டில்தானே. "கழுத்து வரைக்கும் இருக்கும்," என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் கட்டிலில் கனியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எட்டு மணி நேரம் ஒரு வாய் கூடக் குடிக்கிறதில்லையா? ஏம்மா?" என்றார்.

கனி என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

பூத்தை விட்டு யாரும் நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. மைக்கில் ஆள் கேட்க வேண்டும். மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கழிப்பறைக்குப் போகலாம். அந்த மைக் பத்து லேனுக்கும் கேட்கும், வரிசையில் நிற்கிற லாரிக்காரர்களுக்கும் கேட்கும். கனி வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒருநாள் இரண்டாம் தடவை ஆள் கேட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் மைக்கிலேயே, "ஆறாம் லேனு, இப்பத்தானம்மா போனீங்க?" என்றிருக்கிறான். வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துச் சிரித்தானாம்.

"அன்னிக்கு நிப்பாட்டுனேன் டாக்டர், டியூட்டியில தண்ணி குடிக்கறத. காலைல கூட அளவாத்தான் குடிப்பேன். நான் மட்டும் இல்ல, அங்க பதினோரு பொம்பளைங்களும் அப்பிடித்தான். குடிச்சாத்தான போகணும்?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த நார் தண்ணீரை உறிஞ்சித்தான் இளக்கிக் கொடுக்கும். தண்ணீரே இல்லாத இடத்தில் அதைக் கொட்டினால் அதுவே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பூனுக்கே அரைத் தம்ளர் ஆபத்து, மூன்று ஸ்பூன் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்று ஸ்பூன் போட்டது நான். டாக்டர் சொன்ன முழுத் தம்ளரை என் கையாலேயே நோட்டில் எழுதிவைத்துவிட்டு, அரைத் தம்ளரைக் கொடுத்ததும் நான். மூன்று வருடமாக நிறைந்த பாட்டிலைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, ஏன் என்று ஒரு நாள் கேட்காததும் நான்தான்.

எனக்குப் பயம் எதுவும் இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய். முதல் நாளிலிருந்தே பயம்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கனி வீட்டில். ரசஞ்சாதம், மோர், இளநீர். பொடி நாலு நாளைக்குக் கிடையாது.

நோக்கம்: நாரும் தண்ணீரும் சேரும்போது என்ன ஆகிறது என அறிதல். தேவையான பொருட்கள்: பள்ளியிலிருந்து கொண்டுவந்த இரண்டு பீக்கர், பொடி, தண்ணீர், கனி.

ஒன்றில் மூன்று ஸ்பூன் போட்டு அரைத் தம்ளர் தண்ணீர். இன்னொன்றில் ஒரு ஸ்பூன் போட்டு இரண்டு தம்ளர். பத்து நிமிடம் கழித்து முதல் பீக்கரைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. தட்டினேன். கனி வாங்கித் தட்டினாள். உள்ளே வைத்த ஸ்பூன் நட்ட கம்பம் போல நின்றது. இரண்டாவது பீக்கரில் இருந்தது தளதளவென்று ஓடியது.

கனி ரொம்ப நேரம் அந்த ஸ்பூனையே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிமெண்டு பூசிட்டீங்களேய்யா என் வயித்துல," என்றாள்.

மன்னித்துக்கொள் என்றேன். இருபது வருடக் கல்யாணத்தில் அவளிடம் இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "சரி சரி, பீக்கர ஊறப் போடுங்க. காஞ்சா வராது."

முடிவு: ஆப்சென்ட். பரவாயில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

டோல்கேட் மேலாளருக்கு ஒரு மனு எழுதினேன். இரண்டு பக்கம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று சட்டையும் தேய்த்து வைத்தேன். கனி மனுவை வாங்கிப் படித்தாள், நாலாக மடித்தாள், அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"நீங்க போய்ப் பேசாதீங்க. அப்பறம் 'ஆறாம் லேனு வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரு'ன்னு அதையும் மைக்குல சொல்லுவாங்க."

"அப்ப என்னதான் செய்ய? வேலைய விட்டுருவமா?"

"வேலைய எதுக்கு விடணும்? இந்த ஊருல எனக்குன்னு நான் தேடுன வேலை அது." அரிசி டின்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு, "எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க," என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று மறுபடி வேலைக்குப் போனாள். பொடி ஒரு ஸ்பூன், முழுத் தம்ளர், அதன் மேல் இன்னொரு தம்ளர். மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள்.

சாயங்காலம் பாட்டிலைத் தூக்கினேன். கழுத்து வரை இருந்தது. செடிக்கு ஊற்ற மனம் வராமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

பாட்டிலில் முக்கால். ஆப்சென்ட்.

மார்ச் 3, திங்கள்

பரீட்சையால் எனக்கு அரை நாள்தான் பள்ளி. மூன்று மணிக்கு வேன் சத்தம். கனி செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. வலியோ என்று பதறிவிட்டேன்.

"உக்காருங்க சொல்லுதேன். காலைல எட்டு மணிக்கே பாதிப் பாட்டிலக் குடிச்சிட்டேன். குடிச்சாச்சில்ல, இனிப் போய்த்தான ஆகணும்? ஒம்பது மணிக்கு மைக்க எடுத்தேன். 'ஆறாம் லேன். ஒண்ணுக்குப் போகணும். ஆள் அனுப்புங்க'ன்னேன்."

"அப்படியேவா சொன்ன?"

"அப்பிடியேதான். வேற எப்பிடிச் சொல்ல? அந்த சூப்பர்வைசரு, 'எவ்வளவு நேரம் ஆகும்?'ங்கான். 'போயிட்டு வந்து சொல்லுதேன்'ன்னேன்."

நான் கைதட்டிவிட்டேன்.

"இருங்க, இன்னும் முடியல. வரிசையில ரெண்டு பேரு சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நான் போயிட்டு வந்து உக்காந்து மைக்க எடுத்து, 'ஆறாம் லேன். நாலு நிமிசம் ஆச்சு'ன்னு சொன்னேன். சொல்லி மைக்க வைக்கல, ஜெயராணி குரல் வருது. 'நாலாம் லேன். நானும் ஒண்ணுக்குப் போகணும்.' அப்பறம் எட்டாம் லேன். அப்பறம் ரெண்டு. மத்தியானத்துக்குள்ள எல்லாப் பொம்பளைங்களும் சொல்லிட்டோம். அந்தாளு மைக்க வச்சிட்டு வெளிய போயிட்டான்."

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் செருப்பைக் கழற்றினேன். இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இந்த நோட்டில் எழுதக் கூடாது, டாக்டர் படிப்பார். படிக்கட்டும். ரொம்பப் பிடிக்கும்.

பாட்டிலில் கால் பங்கு.

மார்ச் 5, புதன்

பிரசென்ட். செவ்வாய் ராசி என்று நான் முன்பு எழுதியது வெறும் உளறல். விடுப்பு நாளில் அவள் தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான்.

டோல்கேட்டில் இன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று ஆள் ஒருத்தி எல்லா லேனுக்கும் தானாகவே வருகிறாளாம். மைக்கில் கேட்கவே வேண்டாமாம். "திரும்ப நாங்க மைக்கத் தொட்டுருவோமோன்னு அவங்களுக்குப் பயம்," என்கிறாள் கனி.

மார்ச் 7, வெள்ளி

டாக்டர் ரோஸ்லின் நோட்டு முழுவதையும் படித்தார். கடைசிப் பக்கங்களில் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். திருநெல்வேலிக்கு இப்போது போகத் தேவையில்லை, காரணம் தெரிந்துவிட்டது என்றார். பொடி ஒரு ஸ்பூன் தொடர வேண்டும். மூன்று மாதம் கழித்து வர வேண்டும். "அளவை மட்டும் சார் மாத்தக் கூடாது," என்றார்.

வெளியே வந்ததும் கனி மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டே பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். சேலையெல்லாம் தண்ணீர். "அம்மையையும் யாராவது இப்பிடி உக்கார வச்சுக் கேட்டிருக்கலாம்," என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

பிரசென்ட். நேற்றும் பிரசென்ட்.

டியூட்டிப் பையைக் கழுவினேன். பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கொல்லைக்குப் போனால் கறிவேப்பிலைக் கன்று தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. நாலு நாளாக அதன் பக்கம் யாரும் போகவில்லை. கீழ் இலையெல்லாம் மஞ்சள்.

வாடின செடியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவம்ங்க அது. கொழாய்லேர்ந்து ஒரு வாளி பிடிச்சு ஊத்துங்க."

ஊற்றினேன்.